ஸ்டெல்லா அக்கா கேட்டு வாங்கிய முடிவு

ஆய்வகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது கவிதாவிடமிருந்து போன் வந்தது. விவேக் நகரில் ஸ்டெல்லா அக்காவின் பியூட்டி பார்லரில் வேலை செய்பவள். “மேடம், அக்கா போயிட்டாங்க. தூக்கத்திலயே ஹார்ட் அட்டாக்” என்றாள்.

அக்காவிடம் முடிவெட்டிக்கொண்டவர்களுக்கும் திட்டு வாங்கியவர்களுக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த அக்காவைச் சொல்கிறேன்.

வாசனைப் பொருட்களிலும் பிளாஸ்டிக்கிலும் இருக்கும் சில ரசாயனங்கள் ஹார்மோன்களின் வேலையைக் குழப்பக்கூடியவை. அவை எவ்வளவு உடம்புக்குள் போகின்றன என்பதைச் சிறுநீரில் அளக்கலாம். சில வருடங்களுக்கு முன், அப்படியொரு ஆய்வுக்காகச் சிறுநீர் மாதிரி கேட்டு நான் போனபோது பார்லர் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“குடுக்கிறோம். ரிசல்ட் எப்ப சொல்லுவீங்க?”

“தனித்தனியா சொல்றதில்லக்கா. மொத்தமாத்தான் எழுதுவோம்.”

“என் ஒண்ணுக்கு. அதுல என்ன இருக்குன்னு ஊருக்குச் சொல்லுவீங்க, எனக்குச் சொல்ல மாட்டீங்களா?”

சுரங்கத்தில் வேலை பார்த்த அவருடைய அப்பாவுக்கு அடிக்கடி நெஞ்சில் எக்ஸ்ரே படம் எடுத்தார்களாம். படத்தில் என்ன தெரிந்தது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லையாம். “இருமி இருமியே செத்தாரு” என்றார்.

ஆய்வுக்கு அனுமதி தரும் குழுவிடம் போய் வாதாடினேன். கேட்பவர்களுக்கு முடிவைச் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அந்த ரசாயனங்களின் அளவு எல்லாரையும்விட அக்காவுக்குத்தான் அதிகம். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவரோ வெளியே வந்து எல்லாரிடமும் தானே சொல்லிவிட்டார். அப்போது கர்ப்பமாக இருந்த கவிதா அழ ஆரம்பித்தாள். “என் கொழந்தைக்கு ஏதாவது ஆவுமா மேடம்?”

தெரியாது என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அக்கா அவள் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். “தெரியாதத தெரியாதுன்னு சொல்றாங்க பாரு, இவங்கள நம்பலாம். மேடம், உள்ள போனது வெளிய போவுமா? அதச் சொல்லுங்க.”

போகும் என்றேன். இவை உடம்பில் அதிக நேரம் தங்குவதில்லை. புதிதாகச் சேராவிட்டால் சீக்கிரமே குறைந்துவிடும். அந்த வாரமே ஸ்பிரே பாட்டில்கள் போயின. வாசனையில்லாத கிரீம்கள் வந்தன. ஏ.சி.க்காக அடைத்திருந்த ஜன்னலைத் திறந்தார்கள். பழைய வாடிக்கையாளர்கள் சிலர் முகம் சுளித்துக்கொண்டு வேறு பார்லருக்குப் போனார்கள். “போவட்டும், இந்தப் பொண்ணுங்க நாள் பூரா இங்கதான மூச்சு விடுதுங்க” என்றார் அக்கா.

மறுபடி அளந்தபோது எல்லாருக்கும் குறைந்திருந்தது. கவிதாவின் முடிவைத்தான் அக்கா முதலில் கேட்டார். கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். கவிதாவின் மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். அடக்கத்தன்று கல்லறையருகே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆய்வு முடிவைச் சொல்லப் போகும் வீட்டில், அவர்கள் கேள்விகளைக் கேட்டு முடிக்கும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பது: அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். நேற்று ஜீவனஹள்ளியில் ஒரு பெண் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்காக வாசலில் காத்திருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ஆட்டோவைப் போகச் சொல்லிவிட்டேன்.