கரிவாலுக்காக அழுத ஓட்டுநர்

ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் புத்தகத்தைச் சாய்த்து, கீழ்ப்பக்கத்துக்குத் தன் வயிற்றையே முட்டுக்கொடுத்து, இருபதக்கா அடுத்த பக்கத்தைத் திருப்புகிறார். அவருக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி காலியாகக் காத்திருக்கிறது. வாசலில் கூட்டம். செத்தவரின் மூத்த மகன் விமானத்தில் வந்துகொண்டிருக்கிறார், விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செத்தவருக்கு அவசரம் இல்லை. இருபதக்காவுக்கு அதைவிட இல்லை. கதாநாயகி இப்போதுதான் பேசும் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறாள்.

அமரர் ஊர்தி ஓட்டுகிறவர் அவர். வயது ஐம்பத்தொன்று. வண்டியின் முள் இருபதைத் தாண்டினால் உள்ளே படுத்திருப்பவருக்கு இடுப்பு வலிக்கும் என்பது போல ஓட்டுவார். அதனால்தான் அந்தப் பெயர். அதே நிறுவனத்தில் எண்பது என்று ஒருவர் இருக்கிறார். தன் வண்டியில் போகிற யாருக்கும் எந்த அவசரமும் கிடையாது என்பதை அவரிடம் இன்னும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இந்த வேலைக்கு வரும் முன் இருபதக்கா பதினொரு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "இங்க யாரும் பின்னாடி உக்காந்து சண்டை போடறதில்ல, ஜன்னல் சீட்டு கேக்கறதில்ல" என்பார். கேட்டவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முழிப்பார். அந்த முழியைப் பார்ப்பதற்காகவே சொல்கிறார் என்று தோன்றும்.

இந்தத் தொழிலில் ஓட்டுவது கால் பங்கு, காத்திருப்பது முக்கால் பங்கு. காத்திருக்கும்போது ஓட்டுநர் போன் பார்க்கக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது, இறங்கிப் போய் மரத்தடியில் நிற்கக் கூடாது. முகம், கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்க வேண்டும். இவையெல்லாம் முதலாளி போட்ட விதிகள். முதலாளி இதுவரை எந்த ஊர்தியிலும் ஏறியதில்லை. ஏறுவது நல்ல சகுனம் இல்லையாம். புத்தகம் படிக்கக் கூடாது என்று மட்டும் அவர் எழுதி வைக்கவில்லை. ஓட்டுநர் ஒருவர் புத்தகம் படிப்பார் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

இருபதக்காவுக்கே தோன்றாத காலம் ஒன்று உண்டு. பதிமூன்று வயதில் பூகோளப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை வைத்துப் படித்து, ஆசிரியரிடம் மாட்டி, வீட்டுக்குச் செய்தி போய், அண்ணன் அதை அடுப்பில் போட்டார். அந்தக் கதையில் இளவரசன் மதில் மேல் ஏறிக்கொண்டிருந்தான். பிறகு வேலை, கல்யாணம், மகள், தனியாக மகளை வளர்த்தது என்று முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. சாலைப் பலகைகளையும் முகவரிச் சீட்டுகளையும் தவிர வேறெதையும் அவர் படிக்கவில்லை. இளவரசன் மதிலிலேயே தொங்கினான்.

போன வருடம் ஒரு பெரியவரை ஏற்றிப் போனார். பெரியவரின் கைக்கு அருகில் தடிமனான நாவல் ஒன்றை வைத்திருந்தார்கள். மின்மயானத்து ஊழியர் அட்டையைத் தடவிப் பார்த்து, பிளாஸ்டிக் பூச்சு, உள்ளே போகாது என்று சொல்லிவிட்டார். சொந்தக்காரர் ஒருவர் அந்தக் கலவரத்தில் அதை இருபதக்காவின் கையில் திணித்து, எங்காவது போட்டுவிடுங்கள் என்றார்.

"எங்கயாச்சும் போடணும்னா, முதல்ல அது என்னன்னு பார்க்கணும்ல?" என்கிறார் இருபதக்கா. பார்த்தார். ஆறுகள் மேல்நோக்கி ஓடும் நாடு அது. மறுநாள் காத்திருப்பில் நாற்பது பக்கம், அதற்கு மறுநாள் தொண்ணூறு. நான்காம் நாள் எல்லோரும் வந்து கண்ணாடியைத் தட்டி, போகலாம் என்றபோது, "எங்க?" என்று கேட்டுவிட்டார்.

மகளுக்கு இது பிடிக்கவில்லை. சின்னப் பசங்க படிக்கிறதையெல்லாம் இந்த வயசில் தூக்கிக்கொண்டு அலைகிறாயே, உபயோகமாக ஏதாவது படிக்கக் கூடாதா, சர்க்கரை நோய்க்குக்கூட நல்ல புத்தகங்கள் இருக்கின்றன என்றாள். இருபதக்கா பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சின்னப் பொண்ணா இருந்தப்ப பிடுங்கிட்டாங்க. இப்ப எவன் பிடுங்குறான்னு பார்க்கறேன்."

அடுத்த புத்தகத்தை அவர் தேர்ந்தெடுக்கும் விதம் பெண் பார்க்கப் போவதைவிடக் கறாரானது. பாலத்துக்கு அடியில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர்தான் இவரிடம் மாட்டிக்கொண்டவர். அவர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே அதைத் தேடுவார். இருபதக்கா முதலில் புத்தகத்தின் முன்பக்கத்தைத் திறந்து வரைபடம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் போதாது. விரலால் அளப்பார். "இந்த மலைப்பாதையில சுமையோட ரெண்டு நாள்ல இறங்கிடறாங்களாம். எழுதினவரு ஒரு தடவையாச்சும் லோடு வண்டி ஓட்டியிருக்காரா?" அந்தப் புத்தகம் அடுக்குக்குத் திரும்பிவிடும். பேசும் கிணறு, நடக்கும் கோட்டை, தீ கக்கும் டிராகன், எல்லாம் இருக்கலாம். பாதை பொய்யாக இருக்கக் கூடாது.

இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் குனிந்து கேட்பார். "இதுல செத்தவங்க யாராச்சும் எழுந்து வராங்களா?"

வந்தால் வாங்க மாட்டார். முதல்முறை கண்ணாடிக்காரர் சிரித்தார், மந்திர தந்திரக் கதையில் அதுதானே விசேஷம் என்றார். இருபதக்கா சிரிக்கவில்லை. "தினம் ஒருத்தரைக் கொண்டுபோய் விட்டுட்டு வரேன். எழுந்திரிச்சு வந்துடுவாங்கன்னு எழுதறது சுலபம். வரலன்னு தெரிஞ்ச வீட்டு முன்னாடி உக்காந்து படிக்கறவ நான்." அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் தானே படித்துப் பார்த்து, எழுந்து வராத கதைகளைத் தனியாக எடுத்து வைக்கிறார்.

இப்படி எடுத்து வைத்ததில் ஒன்றில்தான் கரிவால் இருந்தது. கரிவால் ஒரு குதிரை. பேசாது, பறக்காது. வழி மட்டும் தெரியும். முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் உறைந்த ஏரி உடைகிறது. கரிவால் தன் நெற்றியால் சிறுமியைக் கரைக்குத் தள்ளிவிட்டு, தண்ணீருக்குள் போய்விடுகிறது. இருபதக்கா ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி அதைப் படித்துக்கொண்டிருந்தார். கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்க வேண்டிய முகம் கோணியது, மூக்கு சிவந்தது, கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது. கைக்குட்டை போதாமல் வண்டி துடைக்கும் துணியை எடுத்தார். புத்தகம் டேஷ்போர்டுக்குக் கீழே மறைந்திருந்தது. வாசலில் நின்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் முகம் மட்டும்.

ஒரு வாரத்தில் நிறுவனத்துக்குக் கடிதம் வந்தது. இறந்தவரின் மகள் எழுதியிருந்தாள். எங்கள் அப்பாவைப் பார்த்தேயிராத உங்கள் ஓட்டுநர் அவருக்காகப் பெற்ற மகளைப் போல் அழுதார், அதை எங்கள் குடும்பம் மறக்காது என்று.

முதலாளி காற்றில் மிதந்தார். கடிதத்துக்குச் சட்டம் போட்டு, வரவேற்பறையில் பிளாஸ்டிக் பூங்கொத்துக்கு மேலே மாட்டினார். ஆறு ஓட்டுநர்களையும் வரிசையாக நிற்கவைத்து உரக்கப் படித்தார். இனி எல்லா ஓட்டுநர்களும் இந்த மாதிரி உருக்கமாக இருக்க வேண்டும், முடிந்தவர்கள் ஒரு சொட்டாவது விட வேண்டும் என்றார். எண்பது அங்கேயே முயன்று பார்த்தார். தும்மல் வரப்போகிறவர் மாதிரி இருந்தது.

இருபதக்கா வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். புகழ் வீடு தேடி வந்திருக்கிறது. சம்பளத்தைக் கூட்டவும் முதலாளி தயாராக இருந்தார். ஆனால் அவர் தொண்டையைச் செருமினார்.

"சார், அது அவங்க அப்பாவுக்கு அழுதது இல்ல."

"பின்ன?"

"குதிரைக்கு."

முதலாளி யோசித்தார். "அந்த வீட்டுல குதிரை ஏதும்மா?"

இருபதக்கா பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். எண்பது தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. உருக்கத்தால் அல்ல. முதலாளி அட்டையையும் இருபதக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இது இந்த அறையோடு போகட்டும், கடிதம் மாட்டியாகிவிட்டது, எழுதியவர்களுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றார்.

"அவங்களுக்கு நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டேன் சார். பொய்யா ஒரு நல்ல பேரு எனக்கு எதுக்கு?"

முதலாளிக்கு நாற்காலி தேவைப்பட்டது. "அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?"

"குதிரை பேரு என்னன்னு கேட்டுச்சு. சொன்னேன்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அந்தப் பெயரைக் கேட்ட பிறகும் இருவருமே வெகுநேரம் போனை வைக்கவில்லை என்பது முதலாளிக்குத் தேவையில்லாத விஷயம்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் புது விதி ஏறியது. ஊர்தியில் புத்தகம் கண்டால் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். யாருக்கென்று போடவில்லை. மற்ற ஐந்து பேரும் கடைசியாகப் படித்தது ஓட்டுநர் உரிமத்தைத்தான் என்பதால், போடத் தேவையும் இல்லை.

எண்பதுக்கு உண்மையிலேயே கவலை. தேநீர் இடைவேளையில் அருகில் வந்து நின்றார். "பக்திப் புத்தகத்து அட்டை ஒண்ணு மேல போட்டுக்கங்க அக்கா. யாரு கேக்கப் போறா?"

"பூகோளத்துக்குள்ள வச்சுப் படிச்சவடா நான். அம்பத்தொரு வயசுலயும் ஒளிச்சுத்தான் படிக்கணும்னா, நான் எதுக்கு இவ்வளவு தூரம் வளர்ந்தேன்?"

அன்று மாலையே கண்ணாடிக்காரரிடம் போனார். விஷயம் அவருக்கு எட்டியிருந்தது. சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி சின்னதாக ஒன்றை எடுத்து நீட்டி, இது யார் கண்ணிலும் படாது என்றார். இருபதக்கா அதைத் தொடவில்லை. மேல் தட்டைக் காட்டினார். அங்கே செங்கல் கனத்தில் ஒன்று இருந்தது. அட்டை முழுக்கச் சிவப்பு டிராகன், வாயில் தீ, தீக்குள் தங்க எழுத்து. தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். கீழே இறக்கச் சொல்லி வரைபடத்தை அளந்தார். மலைப்பாதைக்கு ஒன்பது நாள் கொடுத்திருந்தார்கள். தலையை ஆட்டிக்கொண்டார்.

"இதுல?" என்றார்.

"நூத்திப் பன்னெண்டு பேரு சாகறாங்க. ஒருத்தர்கூடத் திரும்பல."

"எங்ககிட்ட அவ்வளவு வண்டி இல்லையே" என்றபடி வாங்கிக்கொண்டார். கண்ணாடிக்காரர் பழக்கத்தில் செய்தித்தாளை எடுத்துச் சுற்றப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, டிராகன் வெளியே தெரிய இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தார். அதில் நடுக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. வேலை போனால் மகள் வீட்டில் போய்த்தான் உட்கார வேண்டும். அங்கே சர்க்கரை நோய்ப் புத்தகம் காத்திருக்கிறது.

திங்கட்கிழமை ஒரு வீட்டிலிருந்து அழைப்பு. இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவாரே, அந்த அம்மாவே வரட்டும் என்று கேட்டிருந்தார்கள். அதனால் முதலாளியால் அவரை அனுப்பாமல் இருக்க முடியவில்லை. நம்பி அனுப்பவும் முடியவில்லை. சகுனத்தைத் தள்ளிவைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஊர்தியின் முன்பக்கம் ஏறி, பக்கத்து இருக்கையில் விறைப்பாக உட்கார்ந்தார்.

போய்ச் சேர்ந்ததும் வாசலில் வழக்கமான சேதி வந்தது. உறவுக்காரர் ரயிலில் இருக்கிறார், ஒன்றரை மணி நேரம் ஆகும். இருபதக்கா இஞ்சினை அணைத்தார். இருக்கைக்குப் பக்கத்திலிருந்து செங்கலை எடுத்து, ஸ்டியரிங்கில் சாய்த்து, முதல் பக்கத்தைத் திறந்தார். வாசலில் நின்ற இருவர் டிராகனைப் பார்த்தார்கள்.

"உள்ள வைங்க அதை" என்றார் முதலாளி, உதடு அசையாமல்.

"சாவி இதோ தொங்குது சார். எடுத்துக்குங்க. இறங்கிடறேன்." குரலை உயர்த்தவில்லை. "வீட்டுக்குள்ள இருக்கறவங்களை யாரு ஏத்திட்டுப் போவான்னு மட்டும் சொல்லிடுங்க."

முதலாளி சாவியைப் பார்த்தார். கியரைப் பார்த்தார். கார் ஓட்டக்கூட ஆள் வைத்திருப்பவர் அவர். அப்புறம் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். போனை எடுக்கப் பைக்குள் கை போனது. வாசலில் நிற்பவர்கள் பார்க்கிறார்கள். கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பத்து நிமிடம் எதிர்ச் சுவரின் விரிசல்களை எண்ணினார். கால் மணி நேரத்தில் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். வெயில் கண்ணாடி வழியாக இறங்கி இருவர் மடியிலும் விழுந்தது.

இருபதக்கா படித்துக்கொண்டிருந்தார். டிராகன் இன்னும் வரவில்லை. ஒரு காவல்காரன் கோட்டைக் கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தான், வெளியே யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தின் கடைசி வரிக்கு வந்து, கட்டை விரலால் ஓரத்தைத் தூக்கியபோது, இடப்புறம் மூச்சுச் சத்தம் மிக அருகில் கேட்டது. திரும்பாமல் ஓரக்கண்ணால் பார்த்தார். முதலாளியின் தலை புத்தகத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. அவர் கண்கள் பக்கத்தின் பாதியில்தான் இருந்தன. உதடுகள் மெதுவாக அசைந்தன.

இருபதக்கா தூக்கிய தாளை மறுபடி கீழே படுக்கவிட்டார். முடித்துவிட்ட பக்கத்தின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, கட்டை விரலை ஓரத்தில் வைத்தபடி காத்திருந்தார்.