புரட்டாசியில் ஏது சுவரொட்டி?

இரண்டு வாரம் முன்னால், புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. அடுப்பில் புளியோதரைக்குப் புளி கொதித்துக்கொண்டிருந்தது. கேட் சத்தம். எதிர்வீட்டு சரோஜா.

"யக்கா, ஒரு போன் பண்ணிக்கிறேன்."

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஆவடி சேக்காட்டில் எங்கள் தெருவுக்கு இருப்பது ஒரே ஒரு டெலிபோன். அது என் வீட்டு ஹாலில், எம்பிராய்டரி உறையைப் போர்த்திக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருடைய மாமனார் போய்ச் சேர்ந்தார் – எல்லாம் முதலில் எனக்குத்தான் தெரியும். ஓடிப் போய்ச் சொல்வதும் நான்தான்.

ஆனால் கடந்த தை மாதத்திலிருந்து அந்த போனுக்கு ஒரு புது உத்தியோகம். வருகிற ரத்தம் சின்னதா, பெரியதா என்று டாக்டரிடம் கேட்டுத் தரம் பிரிப்பது!

சரோஜாவின் கணவர் முனுசாமி பாடியில் ஒரு தொழிற்சாலையில், எண்ணெய் அழுத்தத்தால் தகட்டை அமுக்கும் ஹைட்ராலிக் பிரஸ் ஓட்டுகிறார். தை மாதம் அவருக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். புது வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காக ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை. உள்ளே கட்டாது, சரி. அப்படியென்றால் வெளியே கீறினாலும் சட்டென்று உறையாது, இல்லையா?

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். துணைக்குப் போன நானும் கேட்டேன். ஷேவிங் கீறல், பல் ஈறில் கசிவு – இதெல்லாம் சின்னது, அமுக்கிப் பிடித்தால் போதும். மூக்கில் வந்து நிற்காமல் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ நடுத்தரம், அன்றைக்கே வந்து காட்ட வேண்டும். ரத்த வாந்தி, தாங்க முடியாத தலைவலி, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது... இதெல்லாம் பெரியது. யோசிக்கவே கூடாது, கிளம்பி வந்துவிட வேண்டும்.

சரோஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுவாரமே முனுசாமி ஷேவ் செய்யும்போது தாடையில் ஒரு கீறல். அவ்வளவுதான், தெருவே திரண்டுவிட்டது! ஒருத்தர் விசிறினார். இன்னொருத்தி என் சமையலறைக்குள் புகுந்து, டிகாஷனுக்கு வைத்திருந்த காபிப் பொடியை அள்ளிக்கொண்டு போய் அவர் தாடையில் அப்பினாள். நான் போனில் மூச்சு வாங்கிக்கொண்டு விவரம் சொல்ல, டாக்டரம்மா நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"முதல்ல அந்தக் காபிப் பொடியைக் கழுவுங்க. சுத்தமான துணியால அமுக்கிப் பிடிங்க. இது சின்னது."

அடுத்து ஈறில் ரத்தம். "மெத்துன்னு ஒரு பிரஷ் வாங்கித் தாங்க. இதுவும் சின்னது."

முனுசாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தொழிற்சாலையில் அவர் முதலுதவிக் குழுவில் வேறு இருக்கிறார். "யக்கா, எங்க கம்பெனில கணக்கே வேற. பஞ்சு வச்சிக் கட்டிகினு திரும்ப மிஷினாண்ட போனான்னா சின்னது. ஆட்டோல போனான்னா பெருசு. இவ இன்னாடான்னா, ஈறுக்கெல்லாம் ஊரக் கூட்டுறா!"

கம்பெனியில் லைட் டூட்டி தருகிறோம் என்றார்கள். கேட்காமல் பிரஸ்ஸுக்கே திரும்பிவிட்டார். ரோஷக்காரர்!

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். சரோஜா போனில் தொழிற்சாலைக்கு லீவு சொன்னாள். இல்லை, லீவு கூட இல்லை. "கொஞ்சம் அசதியா கீறாருங்க. மத்தியான ஷிப்டுக்கு வந்துருவாரு."

"என்ன சரோஜா, என்ன அசதி?" என்றேன், புளியைக் கிளறிக்கொண்டே.

"ஒண்ணுமில்லக்கா. எய்ந்தா கண்ணு இருட்டிகினு வருதாம். மூச்சு வாங்குது. ஆபரேசன் ஆன ஒடம்பாச்சே, ரத்தம் ஊறட்டும்னு நானும் சுவரொட்டி, ரத்தப் பொரியல்னு மாத்தி மாத்தி ஆக்கிப் போட்டேன்..." குரலைத் தாழ்த்தினாள். "நல்லா வேலை செய்யுது போல. வெளிக்குப் போறதெல்லாம் கருகருன்னு கீதாம். நாலஞ்சு நாளா."

சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். எங்கள் பக்கத்தில் பிரசவம், ஆபரேஷன் எது ஆனாலும் உறவுக்காரர்கள் ஹார்லிக்ஸோடு அதையும் வாங்கிக்கொண்டு வருவார்கள். அதையும் ரத்தப் பொரியலையும் சாப்பிட்டால் மறுநாள் கொஞ்சம் கறுப்பாகப் போவதும் உண்டுதான். நானும் தலையாட்டிவிட்டேன்.

புளி கொதித்தது. எதிரே பெருமாள் படத்தில் அப்போதுதான் வைத்த துளசி.

"சரோஜா... நீ கடைசியா எப்போ சுவரொட்டி சமைச்சே?"

"இன்னாக்கா இப்படிக் கேக்குறே? புரட்டாசி பொறந்ததுலேர்ந்து எங்க ஊட்ல முட்டை கூட..."

அங்கேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டு டாக்டரம்மாவுக்கு டயல் செய்தேன். ஒருமுறை தப்பான நம்பர் விழுந்தது.

டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி. "வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கிட்டாரா?"

சரோஜாவைக் கேட்டேன். தோள்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி, தினமும் விழுங்கியிருக்கிறார்.

"பெரியது. ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காதீங்க. நடக்க விடாதீங்க, படுக்க வச்சுக் கூட்டிட்டு வாங்க."

எதிர்வீட்டுக்கு ஓடினோம். முனுசாமி காக்கிச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். உதடு வெளுத்து, நெற்றியில் வியர்வை. விஷயத்தைச் சொன்னதும் அதே சிரிப்பு.

"ரத்தம் எங்கக்கா? ஒரு சொட்டு காட்டு, வரேன். பஞ்சுக்கே வேலை இல்ல, அதுக்குள்ள ஆஸ்பத்திரியா?"

நான் டாக்டரம்மா சொன்னதை எல்லாம் ஒப்பித்தேன். காதிலேயே வாங்கவில்லை. செருப்பைத் தேடினார். தேடக் குனிந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். சரோஜா அழுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் போய் வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"யோவ், உன் பிரஸ்ஸுல கீழ ஒரு சொட்டு ஆயில் கூட சிந்தல. ஆனா பிரஷர் மட்டும் எறங்கிகினே கீது. இன்னா பண்ணுவே?"

அவர் கைக்குக் கிடைத்த செருப்பை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சொல்லுய்யா. இன்னா பண்ணுவே?"

"உள்ள எங்கியோ லீக்கு..." என்றார் மெதுவாக. "மிஷின நிறுத்துவேன்."

"அப்ப நிறுத்து."

செருப்பைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். அதற்குள் ஸ்டேஷன் பக்கம் நின்ற அம்பாசிடர் டாக்சியை யாரோ அழைத்துவந்திருந்தார்கள். பின் சீட்டில் மனைவி மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டார். நான் முன் சீட்டில். அம்பத்தூர் தாண்டி, பாடியில் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றபோது கண்ணைத் திறக்காமல் கேட்டார்: "எங்க கம்பெனி கேட்டு வந்துச்சா?"

"வந்துச்சு. தாண்டிகினு போறோம்," என்றாள் சரோஜா. அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது அவளுக்கு. எனக்கும்தான்.

பிழைத்துக்கொண்டார். தோள்வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, அங்கே நாள் கணக்கில் கசிந்திருக்கிறது. வேறு ரத்தம் ஏற்றினார்கள், வயிற்றுக்கு வைத்தியம் பார்த்தார்கள். வால்வு மாத்திரையை நிறுத்தினாலும் ஆபத்து, கொடுத்தாலும் ஆபத்து... அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் அவரைப் பத்திரமாக நடத்திக்கொண்டு வந்தார் டாக்டரம்மா.

"எங்கே போகுது, எவ்வளவு போகுது, ஆளை எவ்வளவு தளர்த்துது – இதை வச்சுத்தாங்க நாங்க தரம் பிரிப்போம். சிவப்பா இருக்கிறதை வச்சு இல்ல," என்றார் என்னிடம். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் கூடத் தேவலை என்று தோன்றியது.

யோசித்துப் பாருங்கள். ஒரு ஷேவிங் கீறலுக்குத் தெருவே காபிப் பொடியோடு ஓடிவந்தது. நாலைந்து நாள் கறுப்பாகப் போனதற்கு ஓர் ஈ காக்கை வரவில்லை. ஏன்? ஒன்று, கண்ணுக்குத் தெரியவில்லை. இன்னொன்று, அதெல்லாம் வெளியே சொல்கிற சமாசாரமா என்ற கூச்சம். ரத்தத்தில் மட்டுமா இப்படி? பாத்திரம் பறக்கிற வீட்டுச் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பண்ணப் பத்துப் பேர் போகிறோம். சத்தமே வராத வீட்டை, 'தங்கமான குடும்பம்' என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறோம்...

முனுசாமி வீடு திரும்பிவிட்டார். லைட் டூட்டிக்கும் சம்மதித்துவிட்டார். சரோஜாவுக்கு மட்டும் கூச்சம் சுத்தமாகப் போய்விட்டது. தினமும் காலையில், நான் வாசலில் காபி டம்ளரோடு உட்காரும் நேரம் பார்த்து, எதிர்வீட்டுக் கேட்டிலிருந்தே தெரு முழுக்கக் கேட்கும்படி அறிக்கை வாசிக்கிறாள்.

"யக்கா! இன்னிக்கும் மஞ்சளாத்தான் கீதாம்!"

"ஊரக் கூட்டாதடி!" என்று உள்ளேயிருந்து அலறுகிறார் முனுசாமி.

கூட்டட்டும். காபி ஆறினாலும் பரவாயில்லை.