ஏழாம் கோட்டையின் ரோந்து

என் தங்கை மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன தீபாவளிக்கு வந்தவன் இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு இழவு வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தான். என்னடா என்று கேட்டால், ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டரில் ஆடிவந்த ஓர் ஆட்டத்தை விட்டுவிட்டானாம். ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கொரு வீரனாக, மந்திரவாதியாக வேஷம் கட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் ஆடுவார்களாம். இப்போது பார்த்தால் அதில் பாதிப் பேர் ஆட்களே இல்லையாம். எல்லாம் மிஷினாம். "உங்களுக்கு இதெல்லாம் புரியாது பெரியம்மா" என்றான்.

புரியாதா? கரண்டே இல்லாமல் இதே ஆட்டத்தை இரண்டு வருஷம் ஆடி, இவனைவிடக் கேவலமாக ஏமாந்தவள் நான். அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஆசிரியப் பயிற்சியை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நாட்களில் பெரம்பலூரில் சித்தி வீட்டில் தங்கி டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். இன்ஸ்டிடியூட் நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். பார்க்க ரொம்ப சாது. ஒரே எழுத்தை நூறு தடவை தப்பாக அடிக்கிறவர்களிடம்கூடக் குரலை உயர்த்த மாட்டார். ஆனால் அந்த சாதுவுக்குள் ஒரு சக்கரவர்த்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சக்கரவர்த்தி கண்டுபிடித்ததுதான் கோட்டை ஆட்டம்.

ஆட்டம் இதுதான். சேருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோட்டை, அதற்கு ஒரு நம்பர். சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. யார் எந்த ஊர் என்பது மாஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். வாரா வாரம் நம் படை எங்கே போகிறது, யாரைத் தாக்குகிறது என்று அவருக்குக் கடிதம் எழுத வேண்டும். அவர் எல்லாவற்றையும் படித்து, யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று முடிவுசெய்து, ஸ்டென்சில் வெட்டி நகலெடுத்து எல்லோருக்கும் தபாலில் அனுப்புவார். இன்னொரு கோட்டைக்கு ரகசியமாக எழுத வேண்டுமானால் தனிக் கவரில் போட்டு ஒட்டி, மேலே நம்பர் மட்டும் எழுதி அவருக்கே அனுப்ப வேண்டும். அவர் பிரிக்காமல் அங்கே அனுப்பிவைப்பார் என்பது விதி. மொத்தம் முப்பத்திரண்டு கோட்டைகள். நான் ஏழு.

இதில் போய் எதற்கு விழுந்தேன் என்றால், ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. கீழப்பழுவூரில் வேலை கிடைத்து, அரியலூரில் அப்பா வீட்டிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வந்தேன். பள்ளியில் நானும் தலைமை ஆசிரியரும்தான். அவருக்குப் பேச்சு என்றால் தன் வயிற்று உபாதை ஒன்றுதான். வீட்டுக்கு வந்தால் என் கல்யாணத்தைத் தவிர வேறு பேச்சு கிடையாது. எனக்குப் பேச ஆளில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பள்ளி விலாசத்துக்கு வந்த அந்த மை நாறும் தாளுக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன். வெட்கம்தான், வேறென்ன?

ஆட்டத்தின் லட்சணத்தையும் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்தவன் வெறும் காவலாள். மேலே ஏற வேண்டுமானால் ரோந்து அறிக்கை எழுத வேண்டும். "வடக்கு வாசல் பார்த்தேன். எதிரி இல்லை. தெற்கு வாசல் பார்த்தேன். எதிரி இல்லை." வாரத்துக்கு நாலு அறிக்கை. இப்படியே மாதக்கணக்கில் இல்லாத வாசலில் இல்லாத எதிரியைத் தேடினால் படைத்தலைவன் ஆகலாம். இன்னும் தேடினால் தளபதி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை "அ" எழுத வைத்தால் பத்தாவது தடவை சிலேட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடும். அவற்றுக்கு இருந்த ரோஷம்கூட எனக்கு இல்லை. எட்டு மாதம் ரோந்து போய்த் தளபதி ஆனேன்.

அதே சமயம், மாஸ்டரின் இன்ஸ்டிடியூட்டில் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டவன் மூன்றே வாரத்தில் அரசனாகிவிடுவான். பதினோராம் கோட்டைக்காரன் அப்படித்தான் ஆனான். ஊரான் வீட்டு நெய்யே என்று கிரீடத்தை வாரி வழங்கினார் மாஸ்டர். நாங்களும் அந்த ஆளுக்கு "மாமன்னர் அவர்களுக்கு" என்று கடிதம் எழுதினோம்.

அப்போதே விட்டிருக்க வேண்டும். விடாததற்குக் காரணம் இருபதாம் கோட்டை.

இருபதும் ஏழும் நேச நாடுகள். முதலில் தானியம், குதிரை என்று எழுதிக்கொண்டோம். பிறகு அது மாறியது. இருபதாம் கோட்டைத் தளபதி வேடிக்கையாக எழுதுவார். "போர் ஆணையை ஆடு தின்றுவிட்டது. ஆகவே இன்று சமாதானம்" என்று ஒரு தடவை. "இரவெல்லாம் காத்திருந்து விடியலில் நம் நாட்டுக்கு ஒரு புதிய குடியைச் சேர்த்தேன். தலைகீழாக வந்தது, ஆனாலும் உயிரோடு வந்தது" என்று ஒரு தடவை. படைக்கு ஆள் சேர்ப்பதைத்தான் அப்படி வேடிக்கையாக எழுதுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். ஆண் என்றுதான் நினைத்தேன். என்னையும் அவர் அப்படித்தான் நினைத்தார். "தளபதி ஐயா" என்றுதான் கடிதம் தொடங்கும். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது, திருத்தவில்லை.

இரண்டாம் வருஷம் எனக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மில் ஆபீஸில் வேலை, நல்ல குடும்பம், ஒரே ஒரு நிபந்தனை: நான் வேலையை விட்டுவிட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். எனக்கு மட்டும் இல்லை. யாரிடம் சொல்வது? இருபதாம் கோட்டைக்கு எழுதினேன், ஆட்டத்தின் பாஷையில். என் வீட்டார் எனக்கொரு மணம் பேசுகிறார்கள், அதற்கு விலையாக ஏழாம் கோட்டையை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும்?

பதில் வந்தது. "கோட்டையைக் கேட்கிறவர்கள், அதற்குள் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்காவிட்டால் கதவைத் திறக்க வேண்டாம். தேவைப்பட்டால் சொல்லியனுப்புங்கள். நான் படையோடு வருகிறேன்."

அதை மடித்துச் சோற்று டப்பாப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாள் திரிந்தேன். நாலாம் நாள் அப்பாவிடம், "வேலைய விட மாட்டேம்பா" என்றேன். வரன் போய்விட்டது. அப்பா இரண்டு மாதம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எனக்கு அது பெரிதாகவே படவில்லை. என் பக்கம் ஓர் ஆள் இருந்தது.

அடுத்த விடுமுறையில் சித்தி வீட்டுக்குப் போனபோது இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடினேன். இருபதாம் கோட்டையின் விலாசத்தை எப்படியாவது வாங்கி நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று ஆசை. மாஸ்டர் பரீட்சை விஷயமாகத் திருச்சிக்குப் போயிருந்தார். அவர் மனைவி நகல் மிஷினின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கறுப்பு மை.

"நீயும் இந்தக் கோட்டைப் பைத்தியம்தானா?" என்று கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார். "முப்பத்திரண்டு கோட்டைன்னு போடறாருல்ல? கடுதாசி போடறது ஆறேழு பேரு. மத்ததெல்லாம் இவருதான். வலது கையில ஒரு ராசா, இடது கையில ஒரு ராசா. கை வலிச்சுதுன்னா என்னைய எழுதச் சொல்லுவாரு. நான் மட்டும் நாலு ராசா, போ."

"தனிக் கவர்ல வர்ற கடுதாசிங்க?"

"கொதிக்கிற தண்ணி ஆவியில காட்டுனா எந்தக் கவருதான் தொறக்காது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் சும்மா பெயருக்கு நிறுத்திவைப்பார்களே, உப்புக்குச் சப்பாணி, அந்த மாதிரி ஒரு கூட்டத்துக்கு நடுவில் நான் தளபதி. அதில் ஒரு சப்பாணியின் பேச்சைக் கேட்டுத்தான் வந்த வரனைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

இருபதாம் கோட்டையும் நீங்கள்தானா என்று கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயத்தில் கேட்கவில்லை. பஸ் அரியலூர் வந்து சேர்வதற்குள் நானே ஆமாம் என்று பதில் சொல்லிக்கொண்டேன். இன்ன ஊர் ஆள் என்று தெரியாத ஒருவர், பார்த்தே இராத எனக்கு அவ்வளவு பிரியமாக எழுதுவாரா? நம்பினவள் முட்டாள்.

"ஏழாம் கோட்டை இடிந்துவிட்டது. இனி கடிதம் வேண்டாம்" என்று ஒரு தபால் அட்டை போட்டேன். இரண்டு வருஷத் தாள்களையும் பள்ளிக்கு எடுத்துப்போய், பின்பக்கத்தில் பிள்ளைகளைக் கூட்டல் கணக்குப் போடச் சொன்னேன். மாமன்னர்களின் முதுகில் ஏழும் ஐந்தும் பன்னிரண்டு.

ஒரு மாதம் கழித்து, மதிய இடைவேளையில் ஒரு பெண் பள்ளி வாசலில் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். வெள்ளைச் சேலை, தோளில் பெரிய பை, கையில் குடை. வெயிலில் முகம் கன்றியிருந்தது.

"மீன்சுருட்டியிலேர்ந்து வரேங்க டீச்சர். இந்த ஸ்கூல்ல ஏழாம் கோட்டைத் தளபதின்னு ஒரு சாரு..." என்றவள் தானே சிரித்துவிட்டாள். "கிறுக்குன்னு நெனைக்காதீங்க. கடுதாசியில ஆடற ஆட்டம். திடீர்னு நிறுத்திட்டாரு. வூட்ல அவருக்கு ஏதோ கல்யாணத் தொந்தரவுன்னு எழுதியிருந்தாரு. வரேன்னு சொல்லியிருந்தேன். மாஸ்டர்கிட்ட சண்டை போட்டு ஸ்கூல் அட்ரஸ் மட்டும் வாங்கியாந்தேன். பேரச் சொல்ல மாட்டேன்னுட்டாரு."

மாஸ்டர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கழன்றுபோன ஆளைத் திரும்ப இழுக்க வேஷம் போட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். அதுவும் என் கடிதத்தைப் பிரித்துப் படித்து, பாடம் சொல்லிக்கொடுத்து.

"அப்படி ஒரு ஆளே கெடையாது" என்றேன்.

"நெசமாவா டீச்சர்?"

"பொய்யி. எல்லாமே பொய்யி. இந்த நாடகமெல்லாம் இங்க செல்லாதுன்னு ஒங்க மாஸ்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

பைக்குள்ளிருந்து துண்டில் முடிந்த முந்திரிக்கொட்டையை எடுத்தவள், கொடுக்க ஆளில்லாமல் திரும்ப உள்ளே வைத்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். நான் எழுந்து மொண்டு கொடுக்கக்கூட இல்லை, பானையைக் கையால் காட்டினேன். தானே மொண்டு குடித்துவிட்டு, "வரேங்க" என்று பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். சரியான சூடு கொடுத்தேன் என்று தலைமை ஆசிரியரிடம் அன்று பெருமையடித்துக்கொண்டேன்.

நாலைந்து வருஷம் போயிற்று. வேலையை விடச் சொல்லாத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். ஒரு தேர்தலுக்கு எனக்கு மீன்சுருட்டிப் பக்கம் டூட்டி போட்டார்கள். ஓட்டுச் சீட்டின் அடிக்கட்டையில் கையெழுத்து வாங்குவதும் விரலில் மை வைப்பதும் என் வேலை. காலையிலிருந்து கைநாட்டாக வந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையில் திடீரென்று ஒரு சலசலப்பு.

"நர்சம்மாவ முன்னால வுடுங்கடி. எம் மருமவளுக்குத் தலகீழா வந்த புள்ளைய எடுத்துக் குடுத்த மவராசி."

தலைகீழாக வந்தது, ஆனாலும் உயிரோடு வந்தது. அந்த வரி நினைவுக்கு வருவதற்குள் அவள் என் மேசைக்கு முன்னால் நின்றாள். அதே வெள்ளைச் சேலை. குனிந்து அடிக்கட்டையில் கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து ஒரு சுழி. அந்தச் சுழியைத்தான் நான் மூன்று நாள் சோற்று டப்பாப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நிமிர்ந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்க அந்தக் கீழப்பழுவூர் டீச்சருதானே?" என்றவள், குரலைத் தாழ்த்தி, "அவரப் பத்தி அப்புறம் ஏதாவது தெரிஞ்சுதாங்க? நல்லாருக்காரா?" என்று கேட்டாள்.

அத்தனை வருஷம் கழித்தும் அதைத்தான் கேட்டாள்.

"அது நான்தாங்க" என்றேன்.

அவள் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. "வாசல்ல நின்னு ஒங்ககிட்டதானே கேட்டேன்" என்றாள், மெதுவாக.

"பேச்சு வேணாம் மேடம், லைன் நிக்குது" என்று பின்னாலிருந்து அதிகாரி குரல் கொடுத்தார். அவள் இடது கையை நீட்டினாள். நான் மை வைத்தேன். நகத்தைத் தாண்டி விரலெல்லாம் ஆகிவிட்டது. அவள் அதைத் துடைக்காமல் சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனாள்.

ஓட்டுப் போட்டவர்கள் வந்த வாசல் வழியாகத் திரும்பக் கூடாது என்பது அங்கே ஏற்பாடு. அவள் மறு வாசல் வழியாகப் போய்விட்டாள்.