இணையத்தில் இறக்கிய சீனவெடி

எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமை இல்லாதவன் தொடக்கூடாத தொழில் வீடியோ எடிட்டிங். அதைவிடத் தொடக்கூடாதது அந்தக் காலத்துக் கண்டி இன்டர்நெட். ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, கீழே இறங்கி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம். வந்து பார்த்தால் பாதிப் பக்கம் திறந்திருக்கும். அந்தப் பாதியில் விளம்பரம்தான் இருக்கும்.

நான் வேலை பார்த்த ஸ்டூடியோ நகரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. முதலாளி அலவத்துகொடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற முஸ்லிம் மனிதர். நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கலியாணமோ, சாமத்தியவீடோ, தேவாலயத்தில் முதல்நன்மையோ, அவர் படம் பிடிப்பார், நான் வெட்டி ஒட்டுவேன். எனக்கு இந்த வேலையை யாரும் சொல்லித்தரவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துக் கொமினிகேஷனுக்கு ஓடுவேன். போன் பேச, போட்டோகொப்பி எடுக்க, இன்டர்நெட் பார்க்க என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கடைதான். உலகத்து எடிட்டர்மார் எல்லாம் கூடிப் பேசுகிற இணையத்தளம் ஒன்று இருந்தது. சினிமாவிலும் டிவியிலும் வேலை செய்கிற பெரிய கைகள் அங்கே கேட்டவனுக்கெல்லாம் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். படம் மாறுவதற்கு ஒரு துளி முன்னாலேயே அடுத்த காட்சியின் சத்தத்தைத் தொடங்கிவிடு, பார்ப்பவன் தானாக உள்ளே வந்துவிடுவான் என்று ஒரு குளிர்நாட்டுக்காரர் எழுதியிருந்தார். அதைப் படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொருவர் முதுகு வலிக்காத கதிரை எது என்று கேட்டதற்குப் பக்கம் பக்கமாகப் பதில்கள் இருந்தன. வேலை செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். "உங்கள் ஊரில் கரண்ட் போகுமா?" என்று ஒருவர் ஆச்சரியப்பட்டார். எங்கள் ஊரில் கரண்ட் மட்டுமா காணாமல் போகிறது என்று எழுத வந்த விரலை இழுத்துக்கொண்டேன்.

போர் முற்றியிருந்த காலம் அது. சண்டை வடக்கில்தான். ஆனால் எங்கேயாவது குண்டு வெடித்தால் கண்டியில் எங்கள் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பஸ்ஸில் வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டேன், எடுத்தால் தமிழில் பேசவேண்டும். உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் அடையாள அட்டை இருக்கிறதா என்று கை சட்டைப்பைக்குப் போகும். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அப்படிச் சொன்னவன் சோதனைச் சாவடியைக் கண்டிருக்கமாட்டான்.

அந்த நாட்களில்தான் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் மகளின் கலியாண வீடியோவைப் பார்க்க வந்தார். கண்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் நெடுங்காலமாக உத்தியோகம். மனைவியும் மகளும் சண்டைக்குள்ளிருந்து அண்மையில்தான் வந்து சேர்ந்திருந்தார்கள். படம் முழுவதையும் பார்த்தார். தாலி கட்டும் இடத்தில் கண்ணைத் துடைத்தார். முடிந்ததும் முகம் வாடிவிட்டது.

"எல்லாம் நல்லாயிருக்கு. வெடியைக் காணேல்லையே, தம்பி?"

"வெடி கொளுத்தலையே சார்."

எப்படிக் கொளுத்துவது? மண்டப வாசலுக்கு நேரெதிரே மணல்மூட்டை அடுக்கிய காவலரண், அதற்குள் துவக்கோடு ஆள். அவருக்கு முன்னால் சீனவெடிக் கட்டுக்குத் தீ வைக்க எந்தத் தமிழனுக்குத் துணிச்சல் வரும்?

"அது எனக்குத் தெரியும். கனடாவில இருக்கிற சனத்துக்குத் தெரியாதெல்லோ. மாப்பிள்ளை பொம்பிளை வெளிக்கிட்டு வரேக்க வெடியில்லாட்டி, களவாக் கட்டி வைச்சமாதிரி இருக்கெண்டு கதைப்பினம். சத்தத்தையாவது போட்டுவிடும்."

"போட்டுக் குடுங்க மகன், சத்தம்தானே," என்றார் நானா.

அன்று பகலே கொமினிகேஷனில் தேடினேன். எடிட்டர்களுக்காகவே இலவசமாகச் சத்தங்களைச் சேர்த்து வைத்த தளம் ஒன்று இருந்தது. மழை, கதவு, நாய், குதிரை என்று பகுதி பகுதியாகப் பிரித்திருந்தார்கள். வெடிகளுக்கென்றும் ஒரு பகுதி. யார் யாரோ எங்கெங்கோ பதிவு செய்து போட்டவை. முதலில் இறக்கியவை எல்லாம் நெல் பொரிகிற மாதிரிச் சன்னமாக இருந்தன. விடுவேனா? அடுத்த நாளும் போய் இருந்ததையெல்லாம் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு வந்தேன். அதில் ஒன்று மாணிக்கம். சடசடவென்று ஒரு வரிசை, சின்ன இடைவெளி, பிறகு ஒரு பெரிய அடி, அது எங்கோ மலையில் மோதித் திரும்பி வருகிற எதிரொலி. கண்டிக்கென்றே செய்ததுபோல இருந்தது. குளிர்நாட்டுக்காரர் சொன்னபடி, மணமக்கள் வாசலுக்கு வருவதற்கு ஒரு துளி முன்னாலேயே அதைத் தொடங்கி வைத்தேன்.

மறுநாள் காலை எங்கள் தெருவில் சோதனை. கொழும்புப் பக்கம் ஏதோ நடந்திருக்கவேண்டும். பொலிஸார் கடை கடையாக ஏறி வந்தார்கள். எனக்கு அப்போதுதான் கணினித் திரை நினைவுக்கு வந்தது. மணமக்கள் மண்டப வாசலில் நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் காவலரண் தெளிவாகத் தெரிகிறது. படத்துக்குக் கீழே சத்தங்களை அடுக்குகிற வரியில் வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஆங்கிலத்தில் 'எக்ஸ்புளோஷன்' என்று எழுதியிருந்தது. இறக்கிய கோப்பின் பெயரை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை. அதற்கெல்லாம் பொறுமை வேண்டும்.

இளம் பொலிஸ்காரர் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு காவலரணைப் பார்த்தார். பிறகு என் அடையாள அட்டையைக் கேட்டார். கணினிப் பெட்டியையும் என்னையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றினார்கள். நானா என் காதருகே குனிந்து, "ஒண்டும் பேச வாணாம் மகன். நான் பெய்த்து அந்தக் கலியாண வீட்டு சேரைக் கூட்டிக்கிட்டு வாரன்," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

பொலிஸ் நிலையத்து வாங்கில் என்னை உட்காரவைத்தார்கள். இருக்க முடியவில்லை. எழுந்தால், உட்கார் என்றார்கள். யாரை, எவ்வளவு காலத்துக்கு, எந்தச் சட்டத்தின் கீழ் உள்ளே வைக்கலாம் என்பது அந்த நாட்களில் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த பாடம். உள்ளே போன சிலர் இன்னும் வரவில்லை. அது கலியாண வெடி, போடச் சொன்னது நான்தான் என்று அந்த ஐயா வந்து சொன்னால்தான் எனக்கு வழி. ஆனால் அவர் ஏன் வரவேண்டும்? அட்டையில் யாழ்ப்பாணம் என்று பிறந்த இடம் போட்டிருக்கிற மனிதர், மகளும் மனைவியும் இப்போதுதான் வந்திருக்கிறார்கள். நானாக இருந்தால் வரமாட்டேன். எனக்கு இன்ன ஆளைத் தெரியவே தெரியாது என்று சொல்லியிருப்பேன். 

அவர் வந்தார். கந்தோர் உடுப்போடு, சட்டைக் கையின் பொத்தான்கூடக் கழற்றாமல் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்று, நல்ல சிங்களத்தில், கலியாணம் தன் மகளுடையது, வெடிச்சத்தத்தைப் போடச் சொன்னதும் தான்தான் என்றார்.

பொறுப்பதிகாரி நடுத்தர வயதுக்காரர். உட்கார்ந்திருந்தபோதும் ஒரு கால் மடங்காமல் நீட்டியபடியே இருந்தது. வடக்கில் சண்டைக்குள் இருந்துவிட்டு வந்தவர் என்று வாங்கில் பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார். கணினியை இயக்கி அதைப் போட்டுக் காட்டு என்று எனக்குச் சொன்னார். போட்டேன். சடசடவென்ற வரிசை, இடைவெளி, பெரிய அடி, எதிரொலி.  ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுப்பதிகாரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு முறை," என்றார். போட்டேன்.

"இது என்ன சத்தம்?" என்று ஐயாவிடம் கேட்டார்.

"சீனவெடி, சேர்."

"சீனவெடியா?"

"ஓம் சேர். கலியாணத்துக்குப் போடுறது."

பொறுப்பதிகாரி ஐயாவின் முகத்தை இன்னொருமுறை பார்த்தார். பிறகு மேசையில் கையை ஊன்றி எழும்பினார். "சரி. சீனவெடிதான்," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். காவலரண் தெரிகிற துண்டை மட்டும் வெட்டி எறிந்துவிடு என்று என்னிடம் சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நானா கணினிப் பெட்டியைக் குழந்தையைப்போல அணைத்தபடி த்ரீவீலில் போய்விட்டார். நானும் ஐயாவும் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. காலில் விழலாமா என்றுகூட இருந்தது. நல்ல சத்தம் சார், தேடித் தேடி எடுத்தேன் என்று உளறினேன்.

"எங்க எடுத்தனீர்?"

"இன்டர்நெட்ல சார்."

"அது வெடியில்லைத் தம்பி," என்றார் நடந்துகொண்டே. "சுடுற சத்தம். கடைசியில விழுந்தது ஷெல்."

நான் நின்றுவிட்டேன். நான் கண்டியில் பிறந்து வளர்ந்தவன். சிறு வயதில் கலவரத்தைப் பக்கத்து வீட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்துக் கேட்டிருக்கிறேன். அது கண்ணாடி உடைகிற சத்தம், ஓடு விழுகிற சத்தம். துவக்குச் சத்தம் எனக்குத் தெரியாது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அழகாக இருக்கிறதென்று இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தேன்.

"அப்ப ஏன் சார் வெடின்னு சொன்னீங்க? அந்தாளுக்குத் தெரிஞ்சிருந்தா?"

"அவருக்கா தெரியாது? முதல்தரம் போட்டவுடனேயே தெரிஞ்சிட்டுது. எங்கள் ரெண்டுபேருக்கும் தெரியும்."

அவருடைய பஸ் வந்தது. ஏறுமுன் திரும்பி என் தோளில் கையை வைத்தார்.

"அதை எடுத்துப்போடும் தம்பி. வெடி வேண்டாம், மேளமே போதும். பிள்ளை இந்தச் சத்தத்தைக் கேட்டாளெண்டா, அங்க இருந்த பழக்கத்தில மேசைக்குக் கீழ போயிடுவாள்."