அம்மாவுக்கு மெர்சிங்கைச் சுற்றிக் காட்டியவர்

போன வருடம் ஜூன் மாதம், மெர்சிங் படகுத்துறையில் நடந்தது இது. அம்மாவைத் தகனம் செய்த மறுநாள், அஸ்தியைக் கடலில் கரைக்க அக்காவும் நானும் போயிருந்தோம்.

சாஆ என்ற ஊர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர் அம்மா. கோயிலில் ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் மெர்சிங் வரும்போதெல்லாம் துறையில் நின்று தீவுக்குப் போகிறவர்களையே பார்ப்பார். "ஒரு தடவ படகுல கூட்டிட்டுப் போடா" என்பார். நான் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஓவர்டைம் ஓவர்டைம் என்று மூன்று வருடம் தள்ளிப்போட்டேன்.

படகுக்காரர் ஒரு மலாய்க்காரர். அஸ்தி என்றால் ஏற்ற மாட்டார் என்று பயந்து, கலயத்தைப் பைக்குள் மறைத்து, சுற்றிப் பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டேன்.

"பொய் சொல்லாதடா. அம்மாவ என்ன திருட்டுச் சாமான் மாதிரியா கொண்டு போறது?" என்றாள் அக்கா.

"சும்மா இரு லா. எறக்கி விட்டாருன்னா?"

ஓதத்தில் ஆற்று நீர் ஏறியதும் படகு கிளம்பியது. அவர் உற்சாகமாகக் காட்டிக்கொண்டே வந்தார். குன்றின் மேல் பள்ளிவாசல். அதைப் பார்த்துத்தான் மீனவர்கள் கரை சேர்வார்களாம். முன்பு இங்கே மீன்படகுகள் மட்டும்தானாம், முதுகில் பையோடு வெள்ளைக்காரர்கள் வர ஆரம்பித்த பிறகுதான் ஊரே மாறியதாம். தூரத்தில் தியோமான், பறந்து வந்த நாக இளவரசி களைத்துப் படுத்ததுதான் அந்தத் தீவாம். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

ஆற்றுமுகம் தாண்டியதும் ஓர் அலை. பை சரிந்து கலயம் வெளியே உருண்டது. பாய்ந்து கட்டிக்கொண்டேன். இனி மறைக்க வழியில்லை. "எங்கம்மா" என்று அக்கா மலாயில் சொல்லி அழுதாள்.

அவர் எஞ்சினைக் குறைத்தார். "உங்கம்மா இதுக்கு முன்னாடி படகுல வந்திருக்காங்களா?" என்று மலாயில் கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன். படகைக் கரைப்பக்கம் திருப்பினார். இறக்கிவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

பள்ளிவாசல் தெரியும் இடத்தில் மறுபடி கடலைப் பார்த்துத் திருப்பினார். உயிர்காப்புச் சட்டை ஒன்றைக் கலயத்தைச் சுற்றி அணைவாக வைத்தார். பிறகு, கலயத்தைப் பார்த்து "மாக்சிக்" என்றார், நாம் 'அத்தை' என்று கூப்பிடுவது போல. "மாக்சிக், அதோ பாருங்க..." முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல், மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் கரைத்து முடிக்கும்வரை தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

யாரென்றே தெரியாத அம்மாவை அவர் மனுஷியாக மதித்துக் கூட்டிப் போனார். பெற்ற பிள்ளை நான் அம்மாவைப் பைக்குள் ஒளித்து வைத்தேனே என்பது இன்றும் மனதை அறுக்கிறது.