கை நனைக்காமல் ஒரு கோதுமை பீர்

எங்கள் குடும்பத்தில் என்னிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. வாழைப்பழ மண்டி வைத்திருக்கிறேன், நாலு பேர் மதிக்கிற ஆள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பீர் குடிப்பேன் என்பது ஊருக்கே தெரிந்த கதை. அதனால் வீடு கட்டினாலும் சரி, நிலம் வாங்கினாலும் சரி, எல்லாம் முடிந்த பிறகுதான் அக்கா எனக்கு போன் செய்வாள். எனக்குக் கோபம் வரும். இரண்டு நாள் பேசமாட்டேன். மூன்றாம் நாள் அவளே மீன் குழம்பு கொடுத்தனுப்புவாள், நானும் சாப்பிட்டுவிட்டுத் தூக்குவாளியைக் கழுவிக் கொடுப்பேன்.

அப்படிப்பட்ட என்னை ஒரு நாள் அக்காவும் மச்சானும் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அக்கா மகளுக்குக் கல்யாணப் பேச்சு. அவளோடு கோயம்புத்தூரில் படித்த பையன், திருமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம். குணம், குடும்பம், ஜாதகம் எல்லாம் பொருந்திவிட்டது. தொழில்தான் இடித்தது. பையன் ஒரு சின்ன பீர் ஆலையில் பீர் காய்ச்சுகிறான்.

மச்சான் பாத்திரக்கடைக்காரர். டீகூட ஒரு நாளைக்கு ஒன்றுதான். "காய்ச்சுறவனுக்கா என் பொண்ணக் குடுக்கச் சொல்றீக? ஊருல கேட்டா என்னனு சொல்லுவேன்?" என்று குதித்தார்.

"அப்பா, அது படிச்சுச் செய்யுற வேலை. அவன் செய்யுறது எப்படி இருக்குனு தெரியாமலே திட்டாதீங்க. யாராச்சும் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லட்டும். மாமா குடிப்பாருல்ல?" என்றாள் மருமகள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து என் தோளில் ஏறி விளையாடிய பிள்ளை. 

மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. நீ போய்ப் பாரு. உருப்படியான பொருளுன்னு நீ சொன்னா மேல பேசுவோம். இல்லன்னா இதோட விட்ரணும்." என் குடிக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் மரியாதை அது.

வாசல் வரை வந்த அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "குடிக்கிறது குடி. ஆனா அங்க கை நனைச்சிட்டு வந்துராத."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் காப்பி குடிக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். இலையில் கை வைத்துச் சாப்பிட்டால் மட்டும் சம்மதம் சொன்னதாக அர்த்தம். அதிலும் தாய்மாமன் கை நனைத்துவிட்டால் பெண் வீடே நனைத்த மாதிரி. அதற்குப் பிறகு பின்வாங்கினால் பெரிய அசிங்கம்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிற ஆள் நான் இல்லை, அதனால் பஸ்தான். வெறுங்கையோடு போகக்கூடாது என்று மண்டியிலிருந்து நல்ல கற்பூரவல்லிப் பழச் சீப்பு ஒன்றை எடுத்துக்கொண்டேன். திருமங்கலத்தில் பையன் பைக்கோடு நின்றான். ஒல்லியான ஆள். "வாங்க சார்" என்றான். சார் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் எதுவும் முடிவாகாத நிலையில் வேறு எப்படித்தான் கூப்பிடுவான் என்று பிறகு தோன்றியது.

வீட்டில் அவன் அம்மா மட்டும்தான் இருந்தார். குடிக்கிற இடத்தில் இருக்க முடியாது என்று அவன் அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டாராம். மகன் பீர் காய்ச்சுகிறான், அப்பனுக்கு வாசனையே ஆகாது! அந்த அம்மா காப்பி கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனார். முறை தெரிந்தவர், சாப்பிடச் சொல்லவில்லை.

பையன் இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து வைத்தான். அவன் ஆலைச் சரக்கு இப்போது மதுரைக் கடைகளிலும் கிடைக்கிறது. தான் காய்ச்சிய பீரைத் தானே வரிசையில் நின்று, காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறான். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

பாட்டிலைத் தொட்டுப் பார்த்தேன். "என்னப்பா, கூலிங்கே இல்ல?"

"ரொம்பக் குளுந்தா வாசம் தெரியாது சார். அதான் கொஞ்சம் முன்னாடியே எடுத்து வச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. மதுரை வெயிலில் பல் கூசுகிற குளிர்ச்சி இல்லாமல் பீர் குடித்தவன் உண்டா? இருந்தாலும் வாங்கி, டம்ளரைச் சாய்த்து, நுரை வராமல், அடியில் படிந்திருந்த வண்டல் கலங்காமல் என் வழக்கப்படி பதமாக ஊற்றினேன். குடித்தேன். தண்ணீராக இருந்தது. போச்சு, பிள்ளையின் வாழ்க்கை போச்சு என்று நினைத்தேன்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அந்த வண்டலும் சேந்தாத்தான் இது கோதுமை பீர்."

"பீர் ஊத்துறதுக்கு எனக்கே சொல்லித் தாரியா நீ?"

அவன் மிச்சத்தோடு இருந்த அதே பாட்டிலை வாங்கி மெதுவாகச் சுழற்றி, டம்ளரில் நேராக ஊற்றினான். நுரை பொங்கி விளிம்புக்கு மேல் நின்றது. கீழே பீர் நீராகாரம் மாதிரி கலங்கலாக, மஞ்சளாக இருந்தது. மூக்கைக் கொண்டுபோனேன். போன வேகத்தில் திரும்ப எடுத்தேன்.

வாழைப்பழம்!

முப்பது வருஷமாக மண்டியில் உட்கார்ந்திருக்கிற என்னிடமேவா? "எசன்ஸ் எம்புட்டு ஊத்துன? உண்மையச் சொல்லு" என்று எழுந்தே விட்டேன்.

"சத்தியமா ஒரு சொட்டு இல்ல சார். கோதுமை, பார்லி, ஹாப்ஸ்ங்குற பூவு, தண்ணி, ஈஸ்ட்டு. அம்புட்டுத்தான். அந்த ஈஸ்ட்டு நொதிக்கும்போது அதுவா குடுக்குற வாசம்."

நம்பவில்லை. நான் கொண்டுபோன சீப்பிலிருந்து ஒரு பழத்தை உரித்தேன். பழத்தை ஒரு முகர்வு, பீரை ஒரு முகர்வு. பழத்தை ஒரு கடி, பீரை ஒரு வாய். எசன்ஸ் என்றால் எனக்குத் தெரியும். அது ஐஸ் வண்டிக்காரனின் வாசம், எந்த மரத்திலும் காய்க்காத பழத்தின் வாசம். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழமும் தெரியும், மேலே மணக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இது அப்படி இல்லை. கற்பூரவல்லி தானாகக் கனிந்து, தோல் மெலிந்து, காம்பு கறுக்க ஆரம்பிக்கிற அன்று காலையில் மண்டிக் கதவைத் திறந்தால் வருமே, அந்த வாசம். அதற்குப் பின்னால் லேசாகக் கிராம்பு. விழுங்கிய பிறகு கோதுமையின் இனிப்பு கொஞ்ச நேரம் நாக்கில் தங்கியது. கசப்பு இருந்ததா என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. நான் இத்தனை வருஷம் குடித்ததெல்லாம் வெறும் குளிர்ச்சிதான் போல. சந்தோஷத்தில் தொடையில் தட்டிவிட்டேன்.

"நல்லாருக்குடா" என்றேன். டா போட்டதை அப்போது நான் கவனிக்கவில்லை.

நியாயமாக அவன் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இரண்டாவது பாட்டிலைத் திறந்தான். "சார், இது முந்தின தடவை போட்டது. நொதிக்கும்போது தொட்டி சூடாயிருச்சு, நான் கவனிக்கத் தவறிட்டேன். இதையும் குடிச்சுப் பாத்துட்டு வீட்ல சொல்லுங்க."

குடித்தேன். முதல் வாயிலேயே பழ வாசம் மூக்கை அடைத்தது. இரண்டாவது வாய்க்கு மனம் வரவில்லை. "ஏப்பா, ஒரு நாள் லீவுன்னு வந்தா மறுபடியும் மண்டிக்குள்ளேயே தள்ளிவிடுறியே!" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு "ஆமா சார்" என்று மட்டும் சொன்னான்.

எனக்கு அவனைப் பிடித்துப்போன இடம் அதுதான். எங்கள் மண்டியில் வாழைத்தார் இறக்குகிறவர்கள் அடிபட்ட சீப்பைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைப்பார்கள். நல்ல பக்கம்தான் ஏலத்தைப் பார்த்து நிற்கும். நானும் அப்படித் திருப்பி வைத்தவன்தான். இவன் பெண் கேட்கிற இடத்தில், அதுவும் தாய்மாமன் முன்னால், அடிபட்ட பக்கத்தைத் தானாகத் திருப்பிக் காட்டுகிறான். இவன் வீட்டில் எங்கள் பிள்ளை எதற்கும் பயப்பட வேண்டியதில்லை என்று நினைத்தேன். நினைத்ததும் மனசு லேசாகிவிட்டது. முதல் பாட்டிலில் மிச்சம் இருந்ததை ஊற்றிக்கொண்டு காலை நீட்டிச் சாய்ந்தேன்.

அடுப்படியில் அந்த அம்மா கோழி வறுத்துக்கொண்டிருந்தார். மிளகும் கறிவேப்பிலையுமாக வாசம் கூடம் வரை வந்தது. கையில் பீர், காற்றில் கோழி வாசம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாரில் உட்கார்ந்து பழகிய வாய், என்னைக் கேட்காமலே சத்தம் கொடுத்தது.

"அங்க வறுக்குறதுல ரெண்டு துண்டு கொண்டாங்கப்பா!"

கரண்டிச் சத்தம் நின்றது. பையன் அப்படியே உறைந்துபோனான். நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அக்கா சட்டையைப் பிடித்து இழுத்த இடம் சுட்டது.

அடுப்படி நிலைப்படியில் அந்த அம்மா வந்து நின்றார். கையில் கரண்டி, முகமெல்லாம் வியர்வை. மெதுவாகக் கேட்டார். "அண்ணே, வெளையாட்டுக்குக் கேட்டீகளா? இல்ல, கை நனைக்கிறீகளா?"

வாய் தவறிக் கேட்டுவிட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டு உள்ளே போயிருப்பார். போய் மச்சானிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்வதுதான் முறையும்கூட. நான் பையனைப் பார்த்தேன். அவன் மூச்சு விடுகிற மாதிரியே தெரியவில்லை. மருமகளின் கலங்கிய கண் ஞாபகம் வந்தது.

"கை கழுவத் தண்ணி எங்க இருக்கு தங்கச்சி?" என்றேன்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வியர்வையை மட்டும் துடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. தலைவாழை இலை விழுந்தது, சோறு விழுந்தது, கோழி விழுந்தது. கோதுமை பீருக்கு மேல் அந்த மிளகுக் கோழி இறங்கியதை நான் எப்படி எழுத! பையன் பக்கத்தில் குனிந்து, "மாமா, இன்னும் கொஞ்சம் சோறு" என்றான். சார் போய்விட்டது. மறுசோறும் வாங்கிக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் பயம் வந்தது. வேப்ப மரத்தடியில் நின்று அக்காவுக்கு போன் செய்தேன்.

"எப்படிடா இருந்துச்சு?"

"அக்கா, கை நனைச்சிட்டேன்."

போன் கை மாறியது தெரிந்தது. மச்சானின் மூச்சு கேட்டது. திட்டு விழப்போகிறது என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

"எம்புட்டுச் சாப்புட்ட?"

"மறுசோறு வாங்கிச் சாப்புட்டேன் மச்சான்."

மச்சான் தொண்டையைச் செருமினார். "சாப்பாடு எப்படி?"

"நல்ல கைப்பக்குவம் மச்சான். கோழியில மட்டும் ஒரு கல்லு உப்புக் கம்மி."

"அதச் சொல்லிக்கிட்டு நிக்காத" என்றார் மச்சான். குரல் இறங்கிவிட்டது. "நம்ம பிள்ள போயி உப்புப் போட்டுக்கிரும்."

அந்தப் பக்கம் மருமகள் போட்ட சத்தத்தில் போன் கீழே விழுந்தது.