அந்தத் தலையாட்டல் சம்மதமல்ல

செவ்வாய்க்கிழமை காலை புசல்லாவையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் இருந்தேன். வேலைத்தளத்திலிருந்து சரோஜா போன் எடுத்து, "குகதாசன் சேர் தவறிட்டாருங்க" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, ஆத்திரம். ஒரு விஷயத்தைப் பேசித் தீர்க்காமலே போய்விட்டாரே மனிதர்!

பல்லேகலயில் அவருக்கும் எனக்கும் ஆறு வருடமாக ஒரே மேசை. தேயிலைச் சரிவில் ஆளில்லாமல் தானாக ஓடும் சிறு வண்டிக்குக் கண் வைப்பது எங்கள் வேலை. செடி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் கமராப் படத்திலிருந்து கணக்கிட வேண்டும். குகதாசன் யாழ்ப்பாணத்துக்காரர், சிறு வயதிலேயே இடது கண் பார்வை போனவர். தூரம் அறியத் தலையை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டுவார். ஆட்டும்போது கிட்ட இருப்பது அதிகம் நகரும், எட்ட இருப்பது குறைவாக நகரும். அதை வைத்துத் தூரத்தைப் பிடித்துவிடுவார். "ஒரு கண்ணை ரெண்டு இடத்தில வைச்சுப் பாத்தா அது ரெண்டு கண்தான் ஐசே" என்பார். வண்டிக்கும் அதே கணக்கைத்தான் போட்டார்: ஒரே கமரா, நகர நகர இரண்டு படம்.

பிலிமத்தலாவைக் கடைக்காரர்களுக்கோ அந்த ஆட்டம் 'சரி' என்ற பதில். வேண்டாததெல்லாம் பையில் விழும். இவரும் மறுக்கமாட்டார். ஒருமுறை மூன்று குடையோடு வந்து நின்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆனால் வேலைத்தளத்தில் ஒருநாள் நடந்த கூட்டத்தில் சிரிக்க முடியவில்லை. மேசையில் புதிதாக வந்த இரட்டைக் கமராப் பெட்டி. குகதாசனின் ஒற்றைக் கமரா முறையைக் கைவிடலாமா என்று தலைவர் கேட்டார். இவர் பெட்டியையே பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். 'ஏகமனதாக' என்று குறித்துக்கொண்டார்கள். அது சம்மதமல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் புதுப் பெட்டியின் மோகம் எனக்கும் இருந்தது, பேசாமல் இருந்துவிட்டேன்.

வெளியே வந்து, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அவர்மேலேயே எரிந்து விழுந்தேன்.

"அவர் கேட்டதே எனக்குக் காதில விழேல்லை. ரெண்டு கமராவுக்கும் இடையில எவ்வளவு தூரம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். பிறகு, "உமக்குத் தெரியும்தானே. நீர் சொல்லியிருக்கலாம்."

சரிவில் குலுங்கிக் குலுங்கி, கமரா இரண்டும் ஒன்றுக்கொன்று விலகி, அந்தப் பெட்டிக்கு மாறுகண் விழுந்தது. இப்போது கொட்டகையில் கிடக்கிறது. கேட்டால், குகதாசனும் ஒத்துக்கொண்டதுதானே என்கிறார்கள். செத்த வீட்டிலும் தலைவர் அதையே சொன்னார். வெட்கக்கேடு, நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பேச்சுத்தான்: நீர் சொல்லியிருக்கலாம். பிந்தியாவது, அந்த அறையில் இருந்தவர்களுக்குச் சொல்கிறேன். கூட்டக் குறிப்பைத் திருத்துங்கள். குகதாசன் சம்மதிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.